மலையில் ஐந்து கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தூரம்?

ஊரும் பள்ளியும் - இந்த வாரம்: கட்டபெட்டு, நீலகிரி

‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற சொல்லுக்கு நீலகிரியில் ஒரு தனி அர்த்தம் உண்டு. டை, பிளேசர், பரந்த மைதானம், ஹாஸ்டல், லட்சங்களில் கட்டணம். பெயரில் மட்டும்தான் பப்ளிக். நிஜப் பப்ளிக் யாராவது உள்ளே போக வேண்டுமென்றால் கேட்டில் செக்யூரிட்டியிடம் காரணம் சொல்லியாக வேண்டும்.

பப்ளிக்கின் பள்ளிக்கூடம் வேறு இடத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவே, சரிவில் வெட்டியெடுத்த துண்டுச் சமதளத்தில் நிற்கிறது. மைதானம் என்று ஒன்று இருந்தாலும், பந்தை ஓங்கி அடித்துவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பந்து தேயிலைக்குள் உருண்டு போய்விடும். போர்டில் ‘அரசு உயர்நிலைப் பள்ளி’ என்று எழுதியிருக்கும். சினிமாக்காரர்கள் அங்கே ஷூட்டிங் நடத்துவதில்லை.

இந்த வாரம் அப்படிப்பட்ட பள்ளியின் கதை. கட்டபெட்டு மாதிரியான ஒரு மலைச் சந்திப்புக்கு உயர்நிலைப் பள்ளி எப்படி வந்து சேர்கிறது, வந்தபின் எதனால் ஆட்டம் காண்கிறது என்ற கதை.

மூன்று சாலை சேரும் இடம்

கட்டபெட்டு, கோத்தகிரி வட்டாரத்து ஊர். கோத்தகிரியிலிருந்து வரும் சாலை இங்கேதான் ஊட்டிக்கும் குன்னூருக்குமாகப் பிரிகிறது. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. வனத்துறையின் ஒரு சரகத்துக்கே ‘கட்டபெட்டு வனச்சரகம்’ என்றுதான் பெயர். நீலகிரிச் செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகப் பழகியிருக்கும். கரடி வந்தது, சிறுத்தை வந்தது என்ற செய்திகளின் கடைசிப் பத்தியில், ‘வனத்துறையினர் கண்காணித்து வருகின்றனர்’ என்ற வரிக்குச் சற்று முன்னால் வரும்.

மலையில் பெரிய பள்ளிக்கூடம் பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்திப்பில்தான் அமையும். அதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. படகர்களின் ஊர்களை ‘ஹட்டி’ என்பார்கள். ஒவ்வொரு ஹட்டியும் ஒரு மேட்டில் உட்கார்ந்திருக்கும். எதிர் மேட்டிலிருக்கும் ஹட்டி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். போக வேண்டுமென்றால் பள்ளத்தில் இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். எல்லா மேட்டுக்கும் பொதுவான ஒரே இடம் பஸ் வந்து நிற்கும் சந்திப்பு. கடைகள் அங்கே வரும். ரேஷன் கடை, வங்கி, தபால் நிலையம் அங்கே வரும். ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்கிற பிள்ளைகளும் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் அதுவே ஒரு சமூகப் பாடம். ஹட்டியிலிருந்து வரும் பிள்ளை வீட்டில் படகு மொழி பேசும். கோத்தர் வீட்டுப் பிள்ளைக்குக் கோத்தர் மொழி. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளையின் தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களாக இருக்கலாம். 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் போட்ட ஒப்பந்தத்தின்படி வந்த குடும்பங்கள் அவை. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே டான்டீ தேயிலைத் தோட்டங்களை அரசு உருவாக்கியது. இப்போது புதிதாக, ஜார்க்கண்ட் போன்ற வடமாநிலங்களிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த மலையில் வளர்கிறார்கள். வீட்டில் ஹிந்தி, சாத்ரி, வகுப்பில் தமிழ். இத்தனை பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே திருக்குறளை மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஸ்கேல் வைத்து அளந்த தூரம்

2009-ல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆர்.எம்.எஸ்.ஏ. என்று ஆசிரியர்கள் சொல்வது அதைத்தான். எந்தக் குடியிருப்பிலிருந்தும் ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி இருக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. தஞ்சாவூரில் ஐந்து கிலோமீட்டர் என்றால் சைக்கிளில் அரை மணிநேரம். வழியில் இரண்டு டீக்கடை வரும், அவ்வளவுதான்.

நீலகிரியில் அதே தூரத்தை மூன்று விதமாக அளக்கலாம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இரண்டரை கிலோமீட்டர் காட்டும். கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலையில் போனால் ஏழெட்டு கிலோமீட்டர் ஆகும். தேயிலைக்குள் புகுந்து ஒற்றையடிப் பாதையில் போனால் நான்கு. ஆனால் அதில் இரண்டு செங்குத்து. பிள்ளைகள் நடக்கிற பாதை இந்த மூன்றாவதுதான். காரணம், பஸ் ஒரு நாளைக்கு இத்தனை நடைதான் என்று கணக்கு. காலை நடையைத் தவறவிட்டால் அடுத்தது வரும்போது பள்ளியில் இரண்டாவது பீரியட் முடிந்திருக்கும். பஸ் பாஸ் இலவசம். பஸ் வர வேண்டுமே!

பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. சமவெளியில் அந்தச் சைக்கிள் எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியிருக்கிறது. மலையில் அதை இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டலாம், ஏறும்போது தள்ளிக்கொண்டு வரலாம். இங்கே அதைவிட உபயோகமானவை மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கென்று அரசு தரும் ஸ்வெட்டரும் ரெயின்கோட்டும் பூட்ஸும்தான்.

தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஒன்பதாம் வகுப்பில் தெரியும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான். கிட்டத்தட்ட எட்டாம் வகுப்போடு அந்தக் கட்டாயம் முடிகிறது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில்தான் முதல்முறையாக அந்தப் பயம் வருகிறது. ஊருக்குள் இருக்கும் நடுநிலைப் பள்ளியும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதுக்கு வேறு ஊர் போக வேண்டும். சட்டத்தின் கை விடுபடுவது, தோல்விப் பயம் தொடங்குவது, நடக்கும் தூரம் கூடுவது ஆகிய மூன்றும் ஒரே ஜூன் மாதத்தில், பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் வந்து விழுகின்றன. பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டில் நான்காவதாக ஒரு பேச்சும் சேர்ந்துகொள்ளும். ‘தனியா எப்படி அனுப்பறது?’

இந்த இடத்தில்தான் ஓர் உயர்நிலைப் பள்ளி பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாததற்குமான வித்தியாசம்.

பள்ளிகளுக்குப் பேர்போன மலை, யாருக்கு?

நீலகிரியில் பள்ளிகளின் வரலாறு ரொம்பப் பழையது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தது கோத்தகிரிப் பக்கமாகத்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றைக்கும் நினைவகமாக நிற்கிறது. அவருக்குப் பின்னால் வந்த ஐரோப்பியர்களுக்குக் குளிர் பிடித்தது; குடும்பத்தோடு தங்கினார்கள்; பிள்ளைகளுக்குப் பள்ளி தேவைப்பட்டது. ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்காக 1858-ல் லாரன்ஸ் பள்ளி தொடங்கியது. 1868-ல் நீலகிரிக்கென்று தனி கமிஷனரை நியமித்தார்கள். முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், மலையின் பழங்குடிகளைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். 1872-ல் அவர் இறந்ததும் அவர் நினைவாக 1874-ல் ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி வந்தது.

மலையின் சொந்தப் பிள்ளைகளுக்கு? அந்தக் கதை கேத்திப் பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி 1840-களில் அங்கே குடியேறி, படகர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1846-ல் பாசல் மிஷன் பாதிரியார்கள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். சுவாரசியம் என்னவென்றால், கன்னட நாட்டில் வேலை செய்து பழகிய அந்தப் பாதிரியார்கள், படகு மொழி கன்னடத்துக்கு நெருக்கம் என்று நினைத்துக் கன்னடத்தில் பாடம் நடத்தினார்கள். படகு மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. ஆக, அந்தக் காலத்துப் பிள்ளை வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் கன்னடம். பிறகு வந்த தலைமுறைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ். எழுதப் படிப்பதென்றால் இன்னொருவர் மொழியில்தான் என்பது இந்த மலையில் ஆறேழு தலைமுறைப் பழக்கம்.

அப்படிப் படித்து வெளியே வந்தவர்களில் ஒருவர் எச்.பி.ஆரி கவுடர். கட்டபெட்டிலிருந்து குன்னூர் போகும் பக்கத்திலிருக்கும் உபதலைக்காரர், 1893-ல் பிறந்தவர். படகர் சமூகத்தின் முதல் பட்டதாரி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். சென்னை சட்டசபை வரை போனார். உருளைக்கிழங்கு விவசாயிகள் மேட்டுப்பாளையம் மண்டியில் ஏமாறாமல் இருக்க 1935-ல் உருவான நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பின்னால் இருந்தவர் அவர்தான். கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

பெண்களில் அக்கம்மா தேவி. படகர் சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி. 1962 பொதுத் தேர்தலில் நீலகிரித் தொகுதியில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். அவர் பிறந்தது 1910-களின் கடைசியில். அந்தக் காலத்தில், இந்த மலையில், ஒரு பெண் பிள்ளை எட்டாவது தாண்டிப் படிக்க எவ்வளவு தூரம் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவரவர் குடும்பத்துக்கு வசதி இருந்தது, விடுதியில் விட்டார்கள், படித்தார்கள். வசதியில்லாத வீட்டுக்குப் பள்ளி நடந்து வர வேண்டியிருந்தது. அது காமராஜர் காலத்தில் வேகமெடுத்தது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம் 1954-ல் கைவிடப்பட்டது. 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளிகளை அப்போது ஜில்லா போர்டு நடத்தியது. பழைய ஆட்கள் இன்றும் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்றே சொல்வார்கள். அவை பிறகு அரசுப் பள்ளிகளாயின. எஸ்.எஸ்.எல்.சி. என்றால் அன்று பதினொன்றாம் வகுப்பு.

1978-ல் பிளஸ் டூ வந்தது. அதிலிருந்துதான் உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்ற பிரிவு. உயர்நிலை பத்தோடு முடியும், மேல்நிலை பன்னிரண்டு வரை போகும். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், பிள்ளைக்கு அது இன்னொரு பஸ். பத்து முடித்த பிள்ளை நெடுகுளாவுக்கோ உபதலைக்கோ தும்மனட்டிக்கோ கோத்தகிரிக்கோ போக வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தாண்டிய அதே பள்ளம் பதினொன்றாம் வகுப்பில் மறுபடி வரும்.

ஒரு லட்சம் ரூபாயும் கொஞ்சம் சமதளமும்

ஒரு நடுநிலைப் பள்ளி தானாக உயர்நிலைப் பள்ளி ஆகிவிடாது. ஊர் கேட்க வேண்டும். மனு கொடுக்க வேண்டும். எம்.எல்.ஏ. பின்னால் அலைய வேண்டும். இடம் காட்ட வேண்டும். இது போதாதென்று, உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த ஒரு லட்சம் ரூபாயும் மேல்நிலைக்கு இரண்டு லட்சமும் பொதுமக்கள் பங்களிப்பாக அரசுக் கணக்கில் கட்ட வேண்டும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கித்தான் தமிழ்நாட்டின் பல ஊர்கள் அந்தப் பணத்தைக் கட்டின. கிரானைட் கல்வெட்டில் திறந்து வைத்த அமைச்சர் பெயர் இருக்கும். வரி கொடுத்த வீடுகளின் பெயர் இருக்காது.

மலையில் பணத்தைவிட இடம்தான் பாடு. நாலு வகுப்பறைக்கு வேண்டிய சமதளம் கிடைப்பது கடினம். கிடைக்கிற சமதளத்தில் எல்லாம் யாரோ தேயிலையோ கேரட்டோ போட்டிருப்பார்கள். காட்டை ஒட்டி இருந்தால் வனத்துறை ஒப்புக்கொள்ள வேண்டும். மண்ணை வெட்டினால் பின்பக்கம் தடுப்புச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழையில் மேடு வகுப்பறைக்குள் வந்துவிடும்.

இதெல்லாம் முடிந்து தரம் உயர்ந்தால், முதல் வருடம் ஒன்பதாம் வகுப்பு மட்டும். அடுத்த வருடம் பத்து. புதிய உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு தலைமையாசிரியரும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியலுக்கு ஐந்து பட்டதாரி ஆசிரியர்களும் என்பதுதான் வழக்கமான கணக்கு. பாடத்துக்கு ஒருவர். ஒருவர் மருத்துவ விடுப்பில் போனால் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை. சமவெளியிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு மலைப் படி உண்டு; ஆனாலும் குளிரும் வாடகை வீடும் சேர்ந்து, மே மாத மாறுதல் கலந்தாய்வில் பலரைக் கீழே இறக்கிவிடும். பிள்ளைகளுக்கு ஆசிரியர் பெயர் பழகும்போது ஆசிரியர் மேட்டுப்பாளையம் தாண்டியிருப்பார்.

ஆகஸ்ட் 1

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மறக்க முடியாத தேதி ஒன்று உண்டு. ஆகஸ்ட் 1. அந்தத் தேதியில் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவாகும். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஒருவர், ஒன்பது பத்தில் 40 பேருக்கு ஒருவர் என்று விகிதம். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’ ஆவார். உபரி ஆனவர் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார்.

சென்னையிலோ சேலத்திலோ இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். மலையில் வராது. ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால், ஊரில் இருப்பதே அவ்வளவுதான். அந்த இருபது பேருக்கும் அதே பத்தாம் வகுப்புக் கணக்கு, அதே 500 மதிப்பெண் பரீட்சை. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் போகிறார். ஆசிரியர் போனால், ‘அங்கே கணக்குக்கு வாத்தியார் இல்லையாம்’ என்று ஊருக்குள் பேச்சு பரவும். அடுத்த ஜூனில் இன்னும் நாலு பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறுவார்கள். அந்த ஆகஸ்டில் இன்னொருவர் உபரி. இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

சுழல் தொடங்குவதற்குப் பள்ளி காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயக் குடும்பங்கள் கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்கத் தொடங்கின. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011-ல் 7,35,394 பேர். அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான். இறங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் இளம் குடும்பங்கள். பிள்ளைகள் அவர்களோடு போய்விட்டார்கள். தேயிலை விலைக்கும் ஆறாம் வகுப்பு அட்டெண்டன்ஸுக்கும் உள்ள தொடர்பு தலைமையாசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் தங்கியவர்களிலும் கையில் கொஞ்சம் காசு புரண்டவர்கள் இங்கிலீஷ் மீடியம் தேடுகிறார்கள். 2012-க்குப் பின் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. ஆனாலும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் மஞ்சள் வேனோடு போட்டி போடுவது கடினம். தாயும் தகப்பனும் ஏழரை மணிக்கே கொழுந்து பறிக்கப் போகிற வீட்டில், வேன் என்பது அந்தஸ்து மட்டும் இல்லை, பாதுகாப்பும்கூட. வாங்குகிற கூலியில் கணிசமான பங்கு வேன் கட்டணத்துக்கே போகிறது என்றாலும் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கு அடுத்த விஷயம்.

சத்துணவுக்கூடத்துக்கு வரும் விருந்தாளி

கோத்தகிரி வட்டாரத்தில் கரடி வருவது அடிக்கடி நடக்கிற விஷயம். கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். கோவிலில் விளக்கு எண்ணெய், ரேஷன் கடையில் பாமாயில், பள்ளியில் சத்துணவுக்கூடம். இரவில் வந்து கதவை உடைத்து, பருப்பைக் கொட்டி, எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். காலையில் சமையலர் வந்து பார்த்தால் அரிசி தரையில் கிடக்கும். அன்றைக்குப் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டுமே! பக்கத்துப் பள்ளியில் கடன் வாங்கி உலை வைக்க வேண்டியதுதான்.

செய்தியாகப் படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். அதே கரடி காலை எட்டு மணிப் பனிமூட்டத்தில் ஒற்றையடிப் பாதையில் இருந்தால்? கரடியைவிடக் காட்டுமாடு பயம் அதிகம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். தேயிலைக்குள் அசையாமல் நின்றால் பத்தடி தூரம் வரும்வரை தெரியாது. விலை கட்டுப்படியாகாமல் பராமரிக்காமல் விட்ட தேயிலைத் தோட்டங்கள் புதராக வளர்ந்து, இந்த மிருகங்களுக்கு ஊரை ஒட்டியே மறைவிடம் கொடுக்கின்றன. தேயிலை விலை பள்ளிக்கூடத்தை இரண்டு பக்கமும் அடிக்கிறது. ஒரு பக்கம் பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்புகிறது. இன்னொரு பக்கம் மிச்சமிருக்கும் பிள்ளைகளின் பாதையில் காட்டைக் கொண்டுவந்து வைக்கிறது.

தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டோ, ஜீப் வைத்துக்கொள்ள ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படி உண்டு. ஆனால் அது கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, கீழ் வகுப்புகளை மனதில் வைத்து வந்த ஏற்பாடு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜீப்பும், அதே வீட்டு ஒன்பதாம் வகுப்பு அக்காவுக்கு ஒற்றையடிப் பாதையும் என்றால், கரடிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மழையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் ‘மழை, பள்ளிகளுக்கு விடுமுறை’ என்ற செய்தி வந்தால் எந்தத் தாலுகா என்று பார்க்க வேண்டும். கூடலூர், பந்தலூருக்கு ஜூலையில் தென்மேற்குப் பருவமழை. கிழக்குப் பக்கம் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நவம்பரில் வடகிழக்கு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்தன. நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் வீடிழந்தவர்களைத் தங்கவைக்க அதிகாரிகள் முதலில் தேடுவது அரசுப் பள்ளியைத்தான். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, தடுப்பூசி முகாம், நிவாரண முகாம், ஊர்க் கூட்டம் எல்லாம் அங்கேதான். பிள்ளை குறைவு என்று ஒரு பள்ளியை மூடினால், ஊரில் சுவரும் கூரையும் கழிப்பறையும் உள்ள ஒரே பொதுக் கட்டடத்துக்கும் பூட்டு விழும்.

மிச்சமிருப்பவர்கள்

வேனில் ஏற முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஸ்டேட் லைன் பிள்ளைகள், பழங்குடிப் பிள்ளைகள், வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள், தனியாகக் குடும்பத்தை நடத்தும் அம்மாக்களின் பிள்ளைகள். பள்ளியின் எண்ணிக்கை இறங்க இறங்க, அங்கே இருப்பவர்கள் வேறு போக்கிடம் இல்லாதவர்களாகவே மிஞ்சுகிறார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் கணக்கில் அது தெரியாது. அங்கே பிள்ளை ஒரு எண், அவ்வளவுதான்.

கடந்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிப் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்த விஷயங்களும் உண்டு. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2024-ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் இதில் முக்கியம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் வீட்டில் இது ஒரு கணக்காக ஓடுகிறது.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, இருபது பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராகப் பெற்றோரில் ஒரு பெண்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. மலையில் அந்தத் தலைவி பெரும்பாலும் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறவராகவோ, அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவராகவோ இருப்பார். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் அவருக்கு அரைநாள் கூலி போகும். ஆனாலும் அந்தக் கூட்டத்தில்தான் நடைமுறைப் பிரச்னைகள் பேசப்படுகின்றன. எந்தப் பாதையில் புதர் வெட்ட வேண்டும், போக்குவரத்துக் கழகத்தில் எந்த நடையை இருபது நிமிடம் முன்னால் விடச் சொல்ல வேண்டும், சத்துணவுக்கூடத்துக்கு இரும்புக் கதவு யாரிடம் கேட்பது.

எல்லாப் பள்ளியிலும் சுற்றிச் சுற்றி வரும் இன்னொரு விஷயம், பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கினால் மாலையில் ஒரு மணிநேரம் கூடுதலாக வைத்துக் கணக்குப் போட வைப்பார்கள். சமவெளியில் இது பெரிய விஷயமே இல்லை. மலையில் டிசம்பர், ஜனவரியில் ஐந்தரைக்கே வெளிச்சம் மங்கிவிடும். சிறப்பு வகுப்பு வைத்தால் பஸ் போய்விடும். பஸ்ஸைப் பிடித்தால் கணக்கு போய்விடும். வகுப்பைக் காலைக்கு மாற்றினால், பனி விலகுவதற்கு முன்னால் பிள்ளைகள் பாதையில் இருக்க வேண்டும். சில பள்ளிகளில் சனிக்கிழமை பகலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். சனிக்கிழமை பஸ் நடை குறைவு. அதனால், ஒரே திசையில் போகும் நாலைந்து பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, கூட வர ஒரு வீட்டுப் பெரியவரை ஏற்பாடு செய்து, அதற்கென்று ஒரு நோட்டில் யார் எந்த வாரம் என்று எழுதி வைக்க வேண்டும். தை மாதம் வந்துவிட்டால் தலைமையாசிரியரின் மேஜையில் பாடத்திட்டத்துக்கு மேலே இருப்பது அந்த நோட்டுத்தான்.